கூட்டில் வைத்த கரி

பேர்சிக்கு அந்தப் பெண்ணின் குரல் கேட்டாலே காது சுடும். அவளுக்கும் பேர்சியின் வாளிச் சத்தம் கேட்டால் முகம் கோணும். இரண்டு பேரும் தமிழர் என்பதுதான் இதில் பெரிய வில்லங்கம். வெள்ளைக்காரியாக இருந்திருந்தால் பாஷை விளங்கவில்லை என்று பேசாமல் விட்டிருக்கலாம்.

சுவிஸில் ஓல்டன் பக்கம் ஆற்றோரத்தில் பழைய சப்பாத்துத் தொழிற்சாலை ஒன்று நிற்கிறது. சப்பாத்து தைத்தவர்கள் போய் முப்பது வருஷம். இப்போது கீழ்த்தட்டில் சைக்கிள் திருத்துகிற ஒருவன் இருக்கிறான். மேல்தட்டில் கல்லுக்குள் கிடக்கிற எலும்புகளைத் தோண்டி எடுக்கிற ஆய்வுகூடம். அந்த மேல்தட்டில் பேர்சியும் கட்டின மனுசி அன்னமலரும் பின்னேரம் நாலு மணியிலிருந்து ஆறு மணிவரை துப்புரவு செய்கிறார்கள். ஏழு வருஷமாகிறது. பேர்சிக்கு அறுபத்து மூன்று, பென்ஷனுக்கு இன்னும் இரண்டு வருஷம் கிடக்கிறது. மன்னாரில் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். அதற்காக ஒருநாளும் வெட்கப்பட்டதில்லை. படித்தவர்கள் கையை வைத்துத்தான் உலகம் இந்தக் கதிக்கு வந்தது என்பது அவருடைய கட்சி.

போன மாரியில்தான் டொக்டர் வசுந்தரா வந்து சேர்ந்தாள். சென்னைப் பெண், முப்பத்தைந்து வயதிருக்கும். விசாவும் வேலையும் கையில் வைத்துக்கொண்டு விமானத்தால் இறங்கினவள். பேர்சி இந்த நாட்டுக்கு வந்த விதம் வேறு, அதை அவர் யாரிடமும் சொல்வதில்லை.

தமிழ்ப் பிள்ளை ஒன்று வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு அன்னமலர் முதல் கிழமையே ஒரு பெட்டி நிறைய ரோல்ஸ் பொரித்துக்கொண்டு போனாள். வசுந்தரா நன்றி சொன்னாள். சொல்லிவிட்டு, “ஆன்ட்டி, லேபுக்குள்ள சாப்பாடு கொண்டு வரக்கூடாது” என்று பெட்டியைத் தூக்கி வெளியே சப்பாத்துகள் கழற்றி வைக்கிற தட்டில் வைத்தாள். பேர்சி அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்னமலர் அதை மறந்துவிட்டாள். பேர்சி மறக்கவில்லை.

பிறகு தண்ணீர்ப் பிரச்சினை வந்தது. அவர் ஏழு வருஷமாகத் துடைத்த மாதிரியே ஈரத் துணியால் ஆய்வுகூடத் தரையைத் துடைத்தார். ஈரம் ஏறினால் மணற்கல் ஊதி வெடித்துப்போகுமாம். அவளுக்கு அது தெரியும், அவருக்குத் தெரியாது. வாயால் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சரி. அவள் துப்புரவு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதினாள். பத்தாம் நாள் பேர்சியின் தபால்பெட்டியில் எச்சரிக்கைக் கடிதம் விழுந்தது. ஊஸ்டரில் இருக்கிற மகள் தனுஷியா போனில் அதை வாசித்துத் தமிழில் சொன்னாள். இன்னொரு முறை முறைப்பாடு வந்தால் வேலை இல்லை, அவ்வளவுதான்.

“வாய் கிடக்குது, தமிழ் கிடக்குது, முன்னுக்கு நான் கிடக்கிறன்” என்றார் பேர்சி. “ஏன் எழுதினவள்? ஏன் எழுதினவள் எண்டு கேக்கிறன்!”

அதன்பிறகு அவர் அவளோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. காய்ந்த துணியால் தரையைத் துடைத்துவிட்டு, துடைத்த இடத்தை அவளுக்கு விரலால் காட்டிவிட்டுப் போவார்.

சித்திரை மாதத்தில் அந்தக் கூடு வந்தது.

மங்கோலியாவிலிருந்து இரவலாக வந்த பொருள். வேலை முடிந்ததும் திரும்பக் கொடுக்க வேண்டும். சாப்பாட்டு மேசை அளவு கல், கால் முறிந்தவனுக்குப் போடுகிற மாதிரி வெள்ளை மாக்கட்டுப் போட்டு, கீழே இரும்புச் சட்டம் வைத்துப் பூட்டியிருந்தது. மேல்பக்க மாக்கட்டை வெட்டித் திறந்துவிட்டிருந்தார்கள். உள்ளே இருபத்திரண்டு முட்டைகள், ஒவ்வொன்றும் நீட்டுக் கத்தரிக்காய் அளவு, வட்டமாக அடுக்கிக் கிடந்தன. அவற்றுக்கு மேல் டைனோசர் வகை மிருகம் ஒன்று. தலை இல்லை. கால் இரண்டையும் மடித்து, கை இரண்டையும் அகல விரித்து முட்டைகளை அணைத்தபடி எலும்பாகிப் போயிருந்தது. இரண்டு முட்டைகள் உடைந்து, உள்ளே குஞ்சின் எலும்பு பென்சில் முனை போலத் தெரிந்தது.

அன்னமலர் துடைப்பத்தைப் பிடித்தபடி அதன் முன்னால் நின்றுவிட்டாள். வசுந்தராவுக்கு அன்றைக்கு என்னவோ நல்ல குணம்.

“பிள்ளை, இது ஆரின்ரை முட்டை?” என்று அன்னமலர் கேட்டாள்.

“அதோட முட்டைதான், ஆன்ட்டி. முதல்முதல்ல இப்படி ஒண்ணு கிடைச்சப்போ, வேற எதோட முட்டையையோ திருட வந்து செத்துப்போச்சுன்னு நினைச்சாங்க. முட்டைத்திருடன்னே பேர் வெச்சுட்டாங்க. எழுபது வருஷம் கழிச்சு அதே மாதிரி முட்டைக்குள்ள குஞ்சு எலும்பு கிடைச்சுது. பார்த்தா அதே ஜாதி. திருட வரல. அடைகாத்துக்கிட்டு இருந்திருக்கு.”

“ஐயோ பாவம். பேரை மாத்தினவையோ?”

“மாத்த முடியாது. ஒருதரம் வெச்சா வெச்சதுதான். அது விதி.”

தூரத்தில் குப்பைப் பை கட்டிக்கொண்டிருந்த பேர்சிக்கு வாய் அடங்கவில்லை. “அப்ப அது கள்ளன் இல்லை எண்டு தெரிஞ்சும் கள்ளன் எண்டுதான் எழுதி வைச்சிருக்கிறியள். நல்ல விதி.”

வசுந்தரா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. அன்னமலருக்கே சொன்னாள். “நடுவுல பாருங்க ஆன்ட்டி, முட்டையே இல்ல. இது கனமான மிருகம். கோழி மாதிரி முட்டை மேலயே உக்காந்தா எல்லாம் நொறுங்கிடும். அதனால சுத்தி வட்டமா ரெண்டு ரெண்டா முட்டையை அடுக்கிட்டு, நடுவுல வெறும் மணல்ல உடம்பை வெச்சுக்கும். கையில இறகு உண்டு. அதை விரிச்சு முட்டைகளை மூடிக்கும்.”

“தாய்தானே?”

“தகப்பனா இருக்கலாம்னு சிலர் சொல்றாங்க. இந்த மாதிரி உக்காந்திருந்த எலும்புகளை அறுத்துப் பார்த்ததுல, முட்டையிட்ட உடம்போட அடையாளம் கிடைக்கலையாம். நிச்சயமா யாருக்கும் தெரியாது.”

“எழுபது வருஷம் கள்ளன்” என்றார் பேர்சி, குப்பைப் பையிடம். “பிறகு தாய். இப்ப தகப்பன். நாளைக்குச் சித்தப்பன் எண்டுவினம். அதுக்கும் சம்பளம் குடுப்பாங்கள்.”

“மிஸ்டர் பேர்சி, கூட்டுப் பக்கம் யாரும் போகக்கூடாது. சட்டத்தைத் தொடக்கூடாது. நீங்க தரையை மட்டும் பாருங்க.”

“உம்மட கூட்டை ஆர் தொடப்போறது?”

வெளியே வந்ததும் அன்னமலர் தலையைக் குனிந்துகொண்டு படியிறங்கினாள். அவளுடைய யோசனை எங்கே என்று பேர்சிக்குத் தெரியும். தனுஷியாவுக்கு இரண்டு தரம் கலைந்துவிட்டது. இப்போது மூன்றாம் தரம், மூன்று மாதம் இன்னும் முடியவில்லை. வெளியே சொல்லக்கூடாது என்று மகள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். அன்னமலர் சனிக்கிழமை தோறும் மாரியஸ்ரைன் மாதா கோயிலுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வருவாள். குஞ்சு எலும்போடு கிடந்த அந்த இரண்டு முட்டைகளையும் கண்ட நாள் தொடக்கம் அவள் ஆய்வுகூடத்துக்குள் போனால் முதலில் அங்கேதான் பார்ப்பாள். செத்து ஏழு கோடி வருஷமான சாமானுக்கு அனுதாபப்படுகிறாளே என்று பேர்சி சிரித்தார். சிரிப்பு அவருக்கே வடிவாக வரவில்லை.

யூலை மாதம் ஒரு புதன்கிழமை. நாலு மணிக்கு அவர்கள் போனபோது மேல்தட்டே அல்லோலகல்லோலமாக இருந்தது. ஆய்வுகூடத்துத் தலைவி எலேனா, எப்போதும் சாந்தமான சுவிஸ்காரி, வசுந்தராவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். யாரோ ஒரு போத்தல் திறந்திருந்தார்கள். விஷயம் இதுதான். கூட்டின் நடுக் குழியில் இறுகிக் கிடந்த மணலை வசுந்தரா ஊசியால் கிண்டியபோது கரி வந்தது. ஒன்றிரண்டு இல்லை, இருபது முப்பது துண்டு, மணலோடு மணலாகப் பிடித்திருந்தது. கரி என்றால் நெருப்பு. அந்த மிருகம் காட்டுத்தீ வந்தும் எழும்பாமல், முட்டையை விட்டு ஓடாமல், அதன்மேலேயே கிடந்து செத்திருக்கிறது. உலகத்தில் இப்படி ஒரு சாட்சி முன்னம் கிடைத்ததில்லையாம். வசுந்தராவுக்குக் கண் கலங்கியிருந்தது.

பேர்சி வாளியை வைத்துவிட்டுத் தூர நின்று பார்த்தார். அவர் நெருப்பைக் கண்டவர். எரிந்த வீடும் எரிந்த மாடும் கண்டவர்.

“எலும்பில ஒரு கருகல் இல்லையே” என்றார்.

“என்ன?”

“எலும்பு வெள்ளை. முட்டைக்கோது வெள்ளை. கரி மட்டும் நடுவில. அதுக்குக் கீழயோ நெருப்புப் பிடிச்சது?”

வசுந்தரா குனிந்து எலும்பை ஒருதரம் உற்றுப் பார்த்தாள். அதைப் பேர்சி கவனித்தார். பிறகு அவள் நிமிர்ந்தாள். “புகையிலேயே செத்திருக்கும். அப்புறம் மணல் மூடியிருக்கும். உங்களுக்கு இதெல்லாம் புரியாது, மிஸ்டர் பேர்சி. தரையைப் பாருங்க.”

அன்னமலர் அன்றைக்குக் கழிவறையை இரண்டு தரம் கழுவினாள். முகம் வெளிறிப்போயிருந்தது. வீட்டுக்குப் போகிற திரிம்பாக் பஸ்ஸில் ஏறி இருந்ததும் அவருடைய கையைப் பிடித்தாள்.

“இஞ்சேருங்கோ. அந்தக் கரி நான் வைச்சது.”

“என்ன கரி?”

“போன வியாழக்கிழமை நீங்கள் முழங்காலுக்கு வைத்தியத்துக்குப் போனனீங்கள். நான் தனிய நிண்டனான். அண்டைக்கு எப்பிடி இடி இடிச்சதெண்டு தெரியும்தானே. யன்னல் கண்ணாடியெல்லாம் கிடுகிடுவெண்டு ஆடினது. அந்த முட்டையள் அதிருது, நான் என்ரை கண்ணால பாத்தனான்.”

பேர்சிக்கு மெல்ல மெல்ல விளங்கியது. கோழியை அடைவைக்கிறபோது கூடைக்குள் ஒரு இரும்புத் துண்டும் ஒரு கரித்துண்டும் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் இடிக்கு முட்டை கூழாகிப் போகும். அன்னமலரின் தாய்வீட்டில் இது ஒருபோதும் தவறியதில்லை.

“கோழி முட்டைக்கு வைக்கிறது, அன்னம். கல்லுக்கு ஆர் வைக்கிறது?”

“உள்ளுக்குப் பிள்ளை கிடக்குதே. தனுவின்ரை நினைப்பு வந்திட்டுது. என்னை அறியாமல் செய்திட்டன். இரும்பு ஏற்கெனவே கிடந்தது, சட்டம் முழுக்க இரும்புதானே. கரிதான் இல்லை.”

“கரி எங்கால?”

“கீழ சைக்கிள்காரன் மத்தியானம் சொசேஜ் சுடுற அடுப்பு. மழைக்கு முதல் ஒரு பிடி அள்ளினனான். துண்டாக் கிடந்தால் கண்டுபிடிப்பினம் எண்டு கையால நொருக்கி, நடுவில மணலுக்குள்ள அமத்திப் போட்டு, மேல கொஞ்சம் தீர்த்தமும் தெளிச்சனான். வெள்ளிக்கிழமை காலமை அந்தப் பிள்ளை ஏதோ பசைத்தண்ணி ஊத்தி மணலை இறுக்கியிருக்குது. எல்லாம் ஒண்டாப் பிடிச்சிட்டுது.”

பேர்சி யன்னலால் வெளியே பார்த்தார். வயிற்றுக்குள்ளிருந்து சிரிப்பு கிளம்பியது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. ஏழு கோடி வருஷத்துக்கு முந்தின காட்டுத்தீ. சைக்கிள்காரனின் சொசேஜ் அடுப்பு! முன்னால் இருந்த கிழவி திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார்.

“சிரிக்காதேங்கோ. நாளைக்குப் போய்ச் சொல்லுவம்.”

சிரிப்பு நின்றது. “வாயைப் பொத்திக்கொண்டு இரு. சொன்னால் உன்ரை வேலை அண்டைக்கே முடிஞ்சுது. எனக்கு ஏற்கெனவே ஒரு கடிதம் கிடக்குது. ரெண்டு பேரும் தெருவில நிக்கிறதோ? அவள் எழுதட்டும். என்னைப் பற்றி எழுதினவள்தானே. இப்ப உலகத்துக்கு எழுதட்டும். பிறகு உலகம் அவளைப் பற்றி எழுதும்.”

“பாவம், அந்தப் பிள்ளை.”

“பிள்ளையாம் பிள்ளை. எங்களைத் தொட்டால் கை கழுவுறவள்.”

அடுத்த நாட்கள் பேர்சிக்குத் திருவிழா. சனிக்கிழமை உள்ளூர்ப் பத்திரிகையில் கூட்டின் படம் வந்தது, பக்கத்தில் வசுந்தரா சிரித்துக்கொண்டு நின்றாள். தனுஷியா ஊஸ்டரிலிருந்து போன் எடுத்து, “அப்பா, உங்கட வேலையிடம் பேப்பரில! நெருப்புக்கும் எழும்பாத தாயாம். வாசிக்க எனக்கு அழுகை வந்திட்டுது” என்றாள். “ஓம் ஓம், நல்லா அழு” என்று சொல்லி போனை வைத்தார். நாலு மணி வேலைக்கு மூன்றரைக்கே போய் நின்றார். ஆறு மாதமாக முகம் கொடுத்துப் பேசாத வாய் இப்போது பேசியது.

“எப்பிடிப் போகுது உங்கட நெருப்பு?”

வசுந்தரா முதலில் சந்தேகமாகத்தான் பார்த்தாள். பிறகு, இந்தக் கிழவனுக்கும் கடைசியில் ஆர்வம் பிடித்துவிட்டது என்று நினைத்தாளோ என்னவோ, பதில் சொல்லத் தொடங்கினாள். முட்டைக்கோதில் கண்ணுக்குத் தெரியாத துவாரம் எத்தனை இருக்கிறது என்று எண்ணினால், அந்த முட்டை மண்ணுக்குள் புதைத்ததா, வெளியே திறந்து வைத்ததா என்று சொல்லலாமாம். புதைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் போகிற பெரிய ஜாதிகளின் முட்டையில் துவாரம் அதிகம். இது போலக் கூட இருந்து பார்க்கிற ஜாதிக்குக் குறைய. சில முட்டைகள் பச்சையும் நீலமுமாக இருந்திருக்கின்றனவாம், கோதில் அந்தச் சாயம் இன்னும் கிடக்கிறதாம். திறந்த கூட்டில் வைக்கிற முட்டைக்குத்தான் நிறம் வேண்டும், புதைக்கிறதுக்கு என்னத்துக்கு நிறம்? அவள் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். பேர்சிக்கு அதைக் கேட்டுக்கொண்டிருக்கப் பிடித்தது. பிடித்தது என்பதுதான் அவருக்கு அவள்மேல் இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

செவ்வாய்க்கிழமை அவள் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தாள். அவருக்கும் இரண்டு துண்டு, கடதாசியில் சுற்றி. “ஆன்ட்டிக்கும் கொடுங்க.” அன்னமலர் வீட்டில் அதைத் தொடவில்லை. மேசையில் அப்படியே கிடந்தது. பேர்சி பிடிவாதத்துக்கு இரண்டையும் தின்றார். வாய்க்குள் நெய் ஒட்டிக்கொண்டு எரிச்சலாக இருந்தது.

புதன்கிழமை நிலைமை மாறியது. கூட்டுக்குப் பக்கத்தில் புது மேசை ஒன்று போட்டு, மெல்லிய கம்பிவாள் பூட்டிய யந்திரம் ஒன்றை வைத்திருந்தார்கள். எலேனாவும் வசுந்தராவும் ஜெர்மனில் பேசிக்கொண்டிருந்தார்கள். அன்னமலருக்கு ஜெர்மன் கொஞ்சம் விளங்கும், பேர்சியை விடக் கூட. அவள் துடைப்பத்தை விட்டுவிட்டு நேரே போய்க் கேட்டாள்.

“பிள்ளை, இது என்னத்துக்கு?”

“நாளைக்குக் காலைல ஒரு முட்டையை அறுத்துப் பார்க்கப் போறோம், ஆன்ட்டி. குஞ்சு இருக்கிற முட்டை. நெருப்போட சூடு உள்ள வரைக்கும் போச்சான்னு தெரிஞ்சாத்தான் நாங்க சொல்றதை உலகம் நம்பும். மங்கோலியாக்காரங்க ஒண்ணுக்குத்தான் அனுமதி கொடுத்திருக்காங்க. கரி கிடைக்கலைன்னா அதைத் தொட்டிருக்கவே மாட்டோம்.”

பஸ்ஸில் அன்னமலர் அழவில்லை. அழுதிருந்தால் பேர்சி சமாளித்திருப்பார்.

“காலமை நான் போறன்” என்றாள்.

“எங்க?”

“போய் நான்தான் எண்டு சொல்லப்போறன்.”

“உனக்கென்ன விசரோ? அது செத்து ஏழு கோடி வருஷம். வெட்டினால் என்ன, வெட்டாட்டி என்ன?”

“நான் காவல் வைச்ச முட்டை. என்ரை கரியாலதான் அது வாளில போகப்போகுது. தனு வயித்தில பிள்ளையோட இருக்கிறாள். பேசாமல் இருக்க என்னால ஏலாது. வேலை போனால் போகட்டும்.”

“அன்னம், நான் சொல்லுறதைக் கேள்.”

“முப்பத்தாறு வருஷம் கேட்டனான். போதும்.”

அவள் சொன்னால் சொல்வாள், அதைப் பேர்சி அறிவார். சொன்னால் அவளுடைய பெயரில் ஒரு தாள் எழுதப்படும். துப்புரவு நிறுவனத்துக்கு ஒன்று, எலேனாவுக்கு ஒன்று, மங்கோலியாவுக்கு ஒன்று. ஜெர்மனில், முத்திரை குத்தி. அன்னமலரின் பெயரில் இதுவரை ஒரு குற்றத் தாள் கிடையாது. பேர்சியின் பெயரில் எத்தனையோ கிடக்கிறது. இங்கே வந்து முதல் இரண்டு வருஷம் அவரை இருத்தி வைத்துக் கேள்வி கேட்ட அரசாங்கக் கந்தோர்களில் அவை இன்னும் தூசி பிடித்துக் கிடக்கும்.

வியாழக்கிழமை காலமை அன்னமலர் குளிக்கப் போன நேரம் பார்த்து அவர் பஸ்ஸைப் பிடித்தார். ஏழரைக்கு மேல்தட்டுக் கதவைத் தட்டினார். வசுந்தரா தனியாகத்தான் இருந்தாள். முட்டையைக் கழற்றி, மணல் பையின் மேல் வைத்திருந்தாள். வாள் இன்னும் ஓடவில்லை.

“மிஸ்டர் பேர்சி? நாலு மணிக்குத்தானே வருவீங்க?”

“அதை வெட்டாதையும்.”

“என்ன?”

“அந்தக் கரி நான் வைச்சது. சைக்கிள்காரன்ரை அடுப்பில எடுத்தது. காட்டுத்தீயும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அடை வைக்கிற கூட்டில இடிக்குக் கரி வைக்கிறது எங்கட வழக்கம். நம்பாட்டி கீழ போய் ஒரு துண்டு எடுத்துக்கொண்டு வந்து ஒத்துப் பாரும்.”

அவள் கையிலிருந்த தூரிகையை மேசையில் வைத்தாள். வைத்த இடம் விளிம்பு, அது கீழே விழுந்தது. எடுக்கவில்லை. குனிந்து கூட்டின் நடுக் குழியைப் பார்த்தாள்.

“எலும்பு கருகலைன்னு நீங்க சொன்னப்பவே எனக்குத் தோணுச்சு” என்றாள் கடைசியில், யாருக்கோ சொல்வது போல. பிறகு குரல் மாறியது. “நீங்க வெச்சீங்களா?”

“ஓம்.”

“எப்போ?”

“இடி இடிச்ச அண்டைக்கு.”

“அது வியாழக்கிழமை. வியாழக்கிழமை உங்களுக்கு முழங்கால் வைத்தியம். கதவு கார்டு பதிவுல அன்னிக்கு ஆன்ட்டி பேர் மட்டும்தான் விழுந்திருக்கும்.”

“என்ரை கார்டு பழுது.”

“எந்த இடத்துல வெச்சீங்க? எவ்வளவு ஆழம்?”

“நடுவில. கொஞ்சம் ஆழம்.”

“பொய் சொல்லக்கூட வரல உங்களுக்கு.”

“நான்தான் எண்டு சொன்னால் நான்தான். எழுதும். எழுதத்தானே உமக்குத் தெரியும்.”

“நீர், உமக்குன்னு பேசாதீங்க!” என்று அவள் கத்தினாள். அவள் கத்தி அவர் கேட்டது அதுதான் முதல்தரம். “உங்களுக்கு எத்தனை நாளா தெரியும்?”

“எட்டு நாள்.”

“எட்டு நாள். பேப்பர்ல வந்தது தெரியும். மைசூர்பாகு கொடுத்தேன், வாங்கித் தின்னீங்க. தினமும் வந்து நின்னு கேள்வி கேட்டீங்க. எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே?”

“ஓம். பாத்துக்கொண்டுதான் நிண்டனான்.” பேர்சி பொய் சொல்ல விரும்பவில்லை. ஒரு பொய் ஏற்கெனவே போதும். “நல்லா இருந்தது.”

“டிசம்பர்ல என் கான்ட்ராக்ட் முடியுது. இதை நம்பித்தான் நீட்டிக்கிறதா எலேனா சொல்லியிருக்காங்க. நான் ஊருக்குத்தான் போகணும். தெரியுமா?”

“அது உம்மட பாடு. எனக்கு ஊரே இல்லை.”

“அப்ப ஏன் இன்னிக்கு வந்தீங்க? இன்னும் ஒரு மணி நேரம் பொறுத்திருந்தா இந்த முட்டையும் போயிருக்கும். நான் சுத்தமா ஒழிஞ்சிருப்பேன். அது இன்னும் நல்லா இருந்திருக்குமே!”

மகளின் விஷயத்தை இவளிடம் சொல்வதற்குப் பேர்சிக்கு வாய் வராது. வயிற்றுப்பிள்ளைக்கு நேர்ந்துகொண்ட கதையை இவள் ஜெர்மனில் எழுதி முத்திரை குத்துவாள்.

“வெட்டாதையும்” என்றார் மறுபடி. “அவ்வளவுதான்.”

வசுந்தரா யந்திரத்தின் வயரைச் சுவரிலிருந்து இழுத்துக் கழற்றினாள். எலேனாவுக்கு போன் எடுத்து இரண்டு நிமிஷம் பேசினாள். ஜெர்மனில் அவளுடைய குரல் ஒரு இடத்தில் உடைந்தது. பேர்சி முகத்தைத் திருப்பி யன்னலைப் பார்த்தார். பிறகு அவள் கணினிக்கு முன்னால் இருந்து அடித்தாள். அச்சில் வந்த தாளை அவர் முன்னால் வைத்தாள்.

“உங்க பேர்தான் போட்டிருக்கேன். எனக்கு ஒரு பேர் வேணும், யாரோடதா இருந்தாலும் கவலை இல்ல. கையெழுத்துப் போடுங்க. உங்க கம்பெனிக்கும் ஒண்ணு போகும்.”

“வாசிச்சுச் சொல்லும்.”

அவள் ஒவ்வொரு வரியாகத் தமிழில் வாசித்தாள். கூட்டியும் இல்லை, குறைத்தும் இல்லை. பேர்சி ஒவ்வொரு வரிக்கும் அவளுடைய கண்ணைப் பார்த்தார், ஏமாற்றுகிறாளோ என்று. கையெழுத்துப் போட்டார்.

“இனிமே இந்தப் படி ஏறக்கூடாது” என்றாள்.

“நீர் வெத்திலை வைச்சுக் கூப்பிட்டாலும் ஏறமாட்டன்.”

கீழே பஸ் தரிப்பில் அன்னமலர் நின்றாள். தலை இன்னும் ஈரம். அடுத்த பஸ்ஸில் ஓடி வந்திருக்கிறாள்.

“வெட்டினவையோ?”

“வெட்டேல்லை. வெட்டமாட்டினம்.”

அவள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். “என்ரை பேரைச் சொன்னனீங்களோ?”

“இல்லை. நான் வைச்சதெண்டு சொல்லி எழுதிக் குடுத்தாச்சு. எனக்கு இண்டையோட வேலை முடிஞ்சுது. நீ பின்னேரம் வழமைபோல வந்து உன்ரை வேலையைப் பார். அவளோட ஒரு சொல் கதையாதை.”

“கதைப்பன்” என்றாள் அன்னமலர். “நான் செய்த பிழை. போய் மன்னிப்புக் கேக்கவேணும்.”

“அன்னம்! அப்ப நான் காலமை விழுந்தடிச்சு ஓடிவந்து அவளுக்குப் பொய் சொன்னது என்னத்துக்கு?”

“என்னைக் கேட்டோ சொன்னனீங்கள்?”

பேர்சிக்கு வாயில் வந்த வார்த்தை எழுதக்கூடியது இல்லை. அன்னமலர் அதைக் கேட்டுவிட்டு, கைப்பையை அவருடைய கையில் கொடுத்தாள். தலைமயிரைப் பின்னால் கட்டிக்கொண்டு மேல்தட்டுப் படியைப் பார்த்து நடந்தாள்.